கண்டக்டரம்மா சொன்ன ரைட்

அம்மாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, காரைப் பின்னால் எடுத்து வாசல் கேட்டுக்குள் விட்டது. கேட் சிறியது, கார் அதைவிடக் கொஞ்சம்தான் சிறியது. அம்மா பின்னால் நின்று டிக்கியை உள்ளங்கையால் தட்டித் தட்டிக் கட்டளை போட்டாள்.

"ரைட்... ரைட்... ரைட்..."

மகள் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தாள். பம்பர் கேட்டில் உரசிக் கீச்சென்றது.

"வரலாம்னுதானே ரைட் சொன்னேன்! உன்ன யாருடி வலது பக்கம் ஒடிக்கச் சொன்னா?"

"ரெண்டுக்கும் ஒரே வார்த்தையச் சொன்னா நான் என்னம்மா பண்ணுவேன்?"

"என் டிரைவர் என்னிக்காவது இப்படிக் கேட்டிருக்காரா?"

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த டிரைவரோடு அவளுக்குப் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. "அந்தாளு பேச்சு இப்ப எதுக்கு" என்று தன்னையே அதட்டிவிட்டு, உரசிய இடத்தைக் கைக்குட்டையால் துடைத்தாள். கீறல் போகவில்லை. பெயிண்ட்தான் கைக்குட்டைக்கு வந்தது.

அந்த வாரமே அம்மா போய்விட்டாள். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

அம்மா டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். விசில் கொடுத்திருந்தார்கள், அதை வீட்டுச் சாவியோடு கோத்து வைத்திருந்தாள். தொண்டை இருக்கும்போது தகரம் எதற்கு என்பது அவள் கட்சி. பஸ் கிளம்ப ஒரு ரைட். அந்தச் சொல் டூட்டி முடிந்ததும் அவளோடு வீட்டுக்கும் வந்துவிடும். வெடுக்கென்று சொன்னால் சரி என்று பொருள். 'ரைட்டு' என்று வாலை நீட்டினால், உன் இஷ்டம், பட்டுத் தெரிந்துகொள். 'ரைட்டு விடு' என்றால் அந்த விஷயத்துக்கு அத்தோடு முழுக்கு. புருவத்தைத் தூக்கி 'ரைட்டா?' என்றால், இல்லை என்று சொல்லும் தைரியம் வீட்டில் யாருக்கும் கிடையாது. அப்பா கடைசிவரை அதற்குத் தலையாட்டியே காலத்தை ஓட்டிவிட்டுப் போய்ச்சேர்ந்தார்.

பள்ளிக்கூடத்தில், இங்கிலீஷ் பாடத்தில் மகள் இந்தச் சொல்லைப் படித்தபோது அது நாலாகப் பிரிந்துகிடந்தது. சரி, வலது, உரிமை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு ஸ்பெல்லிங். எழுதுவதற்கு வேறு. சடங்குக்கு இன்னொன்று. வண்டி, சக்கரம் செய்கிற தச்சனுக்கு டபிள்யூவில் ஆரம்பித்து எல்லாவற்றையும்விட நீளமாக ஒன்று. அதில் பாதி எழுத்துகள் வாயே திறப்பதில்லை.

"நடுவுல ஜி, ஹெச்னு ரெண்டு பேர் உக்காந்திருக்காங்களே, என்ன வேலை அவங்களுக்கு?" என்று கேட்டாள் அம்மா.

"ஒண்ணும் இல்லம்மா. சத்தம் கிடையாது."

"டிக்கெட் எடுக்காதவன்தான் பஸ்ல சத்தம் போடாம உக்காந்திருப்பான். ரெண்டு பேரையும் அடுத்த ஸ்டாப்ல இறக்கி விடு."

மகள் பரீட்சையில் இறக்கிவிட்டாள். டீச்சர் மார்க்கை இறக்கினார். "அவங்க செக்கிங் சரியில்ல" என்றாள் அம்மா.

டிரைவரோடு வந்த சண்டைக்கு ஸ்பெல்லிங் காரணமில்லை. ஒரு நாள், மூட்டையோடு இறங்கிய பெரியவர் ஒருவருக்குக் கைகொடுக்க அம்மா ரோட்டில் இறங்கினாள். உள்ளே இருந்த ஒரு குறும்பன் அவள் குரலில் "போலாம், ரைட்!" என்றான். பஸ் போய்விட்டது. டிக்கெட் பையும் கையுமாக அம்மா தெருவில் நின்றாள். பின்னால் வந்த வண்டியில் தொற்றி ஏறினால், அந்தக் கண்டக்டர் பல்லைக் காட்டிக்கொண்டு, "எங்கம்மா போகணும்? சில்லறையா கொடுங்க" என்றானாம்.

கடைசி ஸ்டாப்பில் டிரைவரைப் பிடித்தாள்.

"இத்தன வருஷமா என் குரலக் கேக்கறீங்க. எவனோ கத்தினா வண்டிய எடுத்துடுவீங்களா?"

தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். மனுஷன் சிரித்துத் தொலைத்தார். "அச்சு அசல் உங்க குரல்மா அது. அவனுக்கே உங்க வேலையக் கொடுத்துடலாம்."

"ரைட்டு" என்றாள் அம்மா, வாலை நீட்டி.

அதோடு பேச்சு நின்றது. பஸ் நிற்க முடியாதே. வேறு வண்டிக்கு மாற்றிக் கேட்டால் தோற்றதாகிவிடும் என்று இருவருமே கேட்கவில்லை. ஓய்வு பெறும்வரை அந்த வண்டியில் அவர்களுக்கு நடுவே ஒரே சொல்தான் ஓடியது. பல்லைக் கடித்து வந்தால், பிரேக்கை இப்படியா போடுவது. கொட்டாவியோடு வந்தால், டீக்கு நிறுத்து. டிரைவர் ஹாரனில் பதில் சொல்வார். அவருக்குப் பேத்தி பிறந்த மறுநாள் அம்மா ஒரு ரைட் சொன்னாளாம், பூப்போல. பயணிகளே திரும்பிப் பார்த்தார்களாம்.

மகள் படித்தது தகவல்தொடர்புப் பொறியியல். ஒற்றைக் குறியீட்டை வைத்துக்கொண்டு எந்தச் செய்தியையும் அனுப்ப முடியாது என்று வகுப்பில் நிரூபித்திருந்தார்கள். ஒருமுறை அந்த பஸ்ஸில் போய் வந்தபின் அவளுக்கு நிரூபணத்தின்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

"பேசித் தொலையேன்மா" என்பாள்.

"தப்புன்னு அவர் வாயால ஒரு வார்த்தை வரட்டும். மறுநிமிஷம் பேசறேன்."

"அவர் வீட்டு அத்தைகிட்ட மட்டும் போன்ல மணிக்கணக்கா பேசற?"

"அவ என்னடி பாவம் பண்ணா? அந்தாளக் கட்டிக்கிட்டதே போதாதா?"

அந்த அத்தை சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. டிரைவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆஸ்பத்திரி என்றாலே கட்டிலைப் பிடித்துக்கொள்கிறார். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ரெண்டு லாரிக்கு நடுவுல ஊசில நூல் கோக்கற மாதிரி பஸ்ஸ விடுவாரு. நிஜ ஊசின்னா பயமா?" சிரித்து முடித்துவிட்டு, அவளே கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வியாழக்கிழமைக்கு இடம் பிடித்து வந்தாள். தானே நேரில் போய்க் கூப்பிட்டு அழைத்துப்போவதாக ஏற்பாடு.

"நீ முதல்ல பேசினா நீ தோத்த மாதிரி ஆகாதா?" என்று சீண்டினாள் மகள்.

"கண்ணு தெரியாத மனுஷன ஜெயிச்சு என்னடி பண்றது?"

வியாழக்கிழமைவரை அவள் இருக்கவில்லை. டிரைவர் துக்கத்துக்கு வந்தார். மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார்.

வியாழனன்று மகள் காரை எடுத்துக்கொண்டு போனாள். முன்னறை நாற்காலியில் அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு, செருப்பும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, போலாமா?"

முகத்தைக் குரல் வந்த பக்கம் திருப்பினார். எழுந்திருக்கவில்லை.

"காலைல இருந்து இப்படித்தான் பாப்பா" என்றாள் அத்தை. "இவரே கிளம்பினாரு, இவரே உக்காந்துட்டாரு."

"ஏன் மாமா? அம்மா எல்லாம் சொல்லி வச்சிருக்காங்க."

"தெரியும். ஒரு தடவ வேற குரலுக்கு வண்டிய எடுத்துட்டேன். தப்பு." கைகள் இரண்டும் நாற்காலிச் சட்டத்தைப் பிடித்திருந்தன. "இன்னொரு தடவ எடுக்க மாட்டேன்."

ஆஸ்பத்திரியில் அவர் முறை வந்து, அடுத்த ஆளுக்குப் போயிற்று. அவர் இன்னும் டாக்டரிடம் கண்ணைக் காட்டவில்லை.