கலர் இல்லாத தண்ணீர்

என் அண்ணன் கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவான். அவன் தெருவையே எதிரில் வைத்துக்கொண்டு பேசினான் என்றால் அது பாவு நீட்டும்போது மட்டும்தான்.

ஆரணியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பட்டுத்தறி. தறியில் ஏற்றுவதற்கு முன்னால், நெடுக்கு இழைகளான பாவை விடியற்காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளை முடிய வேண்டும். யார் வீட்டுப் பாவாக இருந்தாலும் அக்கம்பக்கத்து ஆட்கள் இரண்டு பக்கமும் வந்து நின்றுவிடுவார்கள். கூப்பிட வேண்டியதில்லை. வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும் என்பதால் பாதியில் விட்டுவிட்டு யாரும் போகவும் முடியாது. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டுக்காரர்கள்கூட எதிரெதிரே நின்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இழை முடிவார்கள். அண்ணன் அந்த நேரத்தைத்தான் பிடித்துக்கொண்டான்.

அது தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் வீட்டில் தறியோடு சாயத் தொட்டியும் இருந்தது. நைனா போன பிறகு அண்ணன்தான் அதைப் பார்த்தான். நான் எட்டாவதோடு நின்றுவிட்டு நூல் அலசிக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எங்களைப் போலத் தெருவில் இன்னும் சில வீடுகளில் சாயம் போட்டார்கள். மிச்சத் தண்ணீர் எல்லாம் தெருக் கால்வாயில்தான் போகும். ஒரு நாள் அரக்கு, ஒரு நாள் மயில் பச்சை. அது எங்கே போகிறது என்று நாங்கள் யோசித்ததில்லை.

ஒரு நாள், கால்வாய் போய் முடிகிற பக்கம் கீழே நிலம் வைத்திருந்த ஒருவர், வேரோடு பிடுங்கிய நாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவுக்குள் வந்தார். வேரெல்லாம் சிவப்பு.

"உங்க சேல செவக்கறதுக்கு எங்க நெல்லு ஏன்யா செவக்கணும்?"

மூலை வீட்டு மாமா தறியை விட்டு எழுந்து வந்தார். "நைனா காலத்துலேர்ந்து போற தண்ணி. இன்னிக்கு இன்னா புதுசா பேஜார் பண்ணிகினு?"

அண்ணன்தான் நடுவில் போய் நின்றான். "அண்ணே, பொங்கலுக்குள்ள நிறுத்திடறோம்."

"யாரு நிறுத்தறது?"

"நான் பாத்துக்கறேன்."

அந்த 'நான்' வேண்டாத வார்த்தை. அப்போது எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த பாவு எங்கள் வீட்டுப் பாவு. எல்லார் கையும் இழையில் இருக்கும்போது அண்ணன் ஆரம்பித்தான்.

"மாமா, கையில இழை கீது, ஓட முடியாது. நான் சொல்றத கொஞ்சம் கேளுங்க."

"சொல்லுடா. காதையா கட்டி வெச்சிகீற?"

சாயத் தண்ணீரை டிரம்மில் பிடித்துத் தள்ளுவண்டியில் ஏற்றி, தெருவுக்குப் பின்னால் இருக்கிற தரிசில் குழி வெட்டி அதில் கொட்டலாம் என்றான். வீட்டுக்கு ஒரு முறை வண்டி தள்ள வேண்டும். சாயம் போடாத வீடும் தள்ள வேண்டும், ஏனென்றால் அந்த நூலில்தான் அவர்களும் நெய்கிறார்கள்.

எதிர் வீட்டு அக்கா கேட்டாள், "ஆம்பளைங்க வருவீங்களா, இல்ல நாங்கதான் இடுப்ப ஒடிச்சிக்கணுமா?"

"மொதல்ல நானே தள்றேன்க்கா."

"தள்ளுப்பா. சாமி தேரு மாதிரி நாங்க பின்னால கன்னத்துல போட்டுகினு வரோம்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தால் ஒத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

யாரோ, "அப்போ வேகவெச்ச தண்ணி?" என்று கேட்டார்கள். சாயம் போடுவதற்கு முன்னால் பட்டு நூலை சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை எடுப்போம். பிறகு நாலைந்து தண்ணீரில் அலசுவோம். சாயத் தண்ணீரைவிட அதுதான் அதிகம்.

"அது வெறும் தண்ணிதானேப்பா," என்றார் மாமா. "அதுல கலரா கீது?"

சரிதான் என்று அண்ணனும் தலையாட்டினான். அதை வண்டியில் தூக்கிக்கொண்டு போவானேன், தெருக்கோடியில் ஒரு குழி போட்டு அதில் விட்டுவிடலாம் என்று முடிவானது. தெருக்கோடியில்தான் எங்கள் பொதுக் கிணறும் இருந்தது.

நாங்கள் கண்ணால் பிழைக்கிறவர்கள். அரக்கில் ஒரு பொட்டு கூடினாலும் குறைந்தாலும் தூரத்தில் இருந்தே சொல்லிவிடுவோம். அதனால் கண்ணுக்குத் தெரியாததை அழுக்கு என்று எங்களுக்கு நினைக்கவே தெரியவில்லை. வேறு தெருக்காரர்களாக இருந்திருந்தால் யாராவது ஒருவராவது கேட்டிருப்பார்கள்.

ஆனால் கொஞ்ச காலம் எல்லாம் நன்றாக இருந்தது. கால்வாய் தெளிந்தது. நாற்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர் ஒரு மூட்டை வேர்க்கடலையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எதிர் வீட்டு வாசலில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார். மாமா பக்கத்துத் தெருவில் போய், "எங்க தெருவ வந்து பாருங்கடா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கிணற்றுத் தண்ணீரும் நல்லதாக ஆகிவிட்டது என்று நினைத்தோம். பருப்பு சட்டென்று வெந்தது. துணிக்கு சோப்புப் போடாமலே நுரை வந்தது. "உன் புள்ள கால் வெச்ச ராசி, பருப்பு கூட ஜல்தியா வேவுது," என்று எதிர் வீட்டு அக்கா எங்கள் அம்மாவிடம் சொன்னாள்.

பிறகு சோறு மஞ்சளாக ஆரம்பித்தது. மஞ்சள் பொடி போட்ட மாதிரி இல்லை, பழைய வேட்டி மாதிரி ஒரு மஞ்சள். குடித்தால் நாக்கு வழவழத்தது. கிணற்றடியில் நின்ற கறிவேப்பிலை உதிர்ந்து குச்சியானது.

ஒரு மத்தியானம் அண்ணன் தெருக்கோடிக் குழியில் கையை விட்டு விரலைத் தேய்த்துப் பார்த்தான். பிறகு கிணற்றில் ஒரு வாளி இறைத்து அதில் விரலைத் தேய்த்துப் பார்த்தான். திரும்பவும் குழிக்குப் போனான். நான் அலசிய நூலோடு நின்றுகொண்டிருந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும், குழியின் சோடாத் தண்ணீர்தான் கிணற்றில் ஊறியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்து மூலை வீட்டு மாமாவின் பாவு. அண்ணன் வழக்கம் போல நடுவில் நின்றான்.

"மாமா, கெணத்தாண்ட கீற குழிய மாத்தணும். அந்தத் தண்ணியையும் தரிசுக்கே கொண்டு போவணும். நாம தப்பு பண்ணிட்டோம்."

"நாமளா?" என்றார் மாமா. "நீ சொன்ன, நாங்க செஞ்சோம்."

"எல்லாரும் தானே தலையாட்னீங்க?"

"ஆட்னோம். பாவு ஜல்தியா முடியணும்னு ஆட்னோம்."

இந்த முறையும் சிலர் சிரித்தார்கள். எதிர் வீட்டு அக்கா குனிந்த தலை நிமிராமல் இழை முடிந்துகொண்டிருந்தாள். நான் கஞ்சிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவர்கூட அண்ணனைப் பார்க்கவில்லை.

"மொதல்ல உன் பக்கம் பாரு," என்றார் மாமா. "இழை அறுந்துகீது."

அண்ணன் குனிந்து அந்த இழையை முடிந்தான்.

அன்றிலிருந்து அது அவன் தண்ணீர் ஆகிவிட்டது. கிணறு கெட்டது அவனால், வண்டி தள்ளிக் கை காய்த்தது அவனால். வண்டி ஒவ்வொரு வீடாக நின்றுபோனது. கால்வாய் திரும்பச் சிவந்தது. குடிக்கத்தான் குழாய்த் தண்ணீர் வருகிறதே என்று கிணற்றை விட்டுவிட்டார்கள். கீழ் நிலத்துக்காரர் வந்து தெருவில் காறித் துப்பிவிட்டுப் போனார். அவர் துப்பியதும் அண்ணனைப் பார்த்துத்தான், நிறுத்துகிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் அவன்தானே.

அவன் யாரையும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். சாய வேலை முடிந்ததும் கடப்பாறையை எடுத்துக்கொண்டு தரிசுக்குப் போய்விடுவான். வேகவைத்த தண்ணீருக்கென்று இரண்டாவது குழியைத் தனியாக வெட்ட ஆரம்பித்தான். நான் மண் அள்ளினேன். இடுப்பளவு போனதும் பாறை தட்டியது.

"யாரயாவது கூப்பிடேண்ணா," என்றேன்.

"கூப்ட்டேனே. நீயும்தானே பாத்த," என்றான். கடப்பாறையை ஓரமாகச் சாய்த்துவிட்டு, "மழ வரட்டும். ஓரமா மண்ணு எளகும்," என்றான்.

மழை வருவதற்கு முன்னால், போளூரில் இருந்து மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்த அண்ணன் மேல் சந்தவாசல் கிட்டே லாரி மோதியது. அதைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை. அவன் செருப்பை யாரோ ஒருவர் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

தெருவில் கருமாதி முடிகிற வரைக்கும் யாரும் பாவு நீட்டவில்லை. கருமாதிக்கு மறுநாள் காலையில் மூலை வீட்டு மாமா கடப்பாறையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். பின்னால் ஏழெட்டுப் பேர். எதிர் வீட்டு அக்கா மண்வெட்டி வைத்திருந்தாள்.

"புள்ள ஆரம்பிச்சத முடிச்சிடறோம்மா," என்றார் அம்மாவிடம். "அவன் மனசு ஆறணும்."

அம்மா சுவரில் சாய்ந்தபடியே சொன்னாள், "அவனுக்கு எதுக்குய்யா குழி? அவன எரிச்சாச்சி. உங்களுக்குத் தண்ணி வோணும்னா போய்த் தோண்டுங்க."

மாமா கடப்பாறையைத் தரையில் ஊன்றிக்கொண்டார். "எங்களுக்குத்தாம்மா வோணும்," என்றார். அவர் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எல்லாருமாக இறங்கினார்கள். பாறையைச் சுற்றி நெம்பி மதியத்துக்குள் மேலே தூக்கிப் போட்டுவிட்டார்கள். அண்ணன் மழைக்காகக் காத்திருந்த அந்தப் பாறை அவ்வளவுதான். அதைப் பார்த்துத்தான் நான் சத்தம் போட்டு அழுதேன். அண்ணன் போனதற்கு அழுகிறேன் என்று நினைத்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். இவ்வளவு லேசான வேலைக்கு அவன் சாக வேண்டியிருந்ததே என்றுதான் அழுதேன். அதை அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் கடப்பாறையைக் கீழே போட்டுவிடுவார்களோ என்று பயம்.

தெருக்கோடிக் குழியைத் தூர்த்து, அந்தத் தண்ணீரையும் வண்டியில் தரிசுக்கே தள்ளினார்கள். கிணற்றில் மோட்டார் வைத்து அடிமண் தெரிகிற வரை இறைத்தார்கள். ஊறட்டும் என்று விட்டுவிட்டு, திரும்ப இறைத்தார்கள். இந்தத் தடவை வீட்டுக்கு ஒரு முறை என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அப்படி வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு நன்றி வரவில்லை. வந்தவர்களுக்கு டீ மட்டும் போட்டுக் கொடுத்தேன்.

புதுத் தண்ணீர் ஊறிய அன்று எதிர் வீட்டு அக்கா முதல் வாளியை இறைத்தாள். கையில் ஏந்தி ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு வாளியை என் பக்கம் நகர்த்தினாள்.

"கொஞ்சம் தேவலாம் மாதிரி கீது. நீ பாத்துச் சொல்லு."

குடித்தேன். அழுது அழுது என் வாயெல்லாம் உப்பாக இருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"நாளைக்கு இன்னொரு தபா பாக்கலாம்க்கா," என்றேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு வாளியைத் திரும்பக் கிணற்றில் விட்டாள்.