துருதான் சாட்சி

ஆயுத பூஜையன்று காலை ஆறு பத்து. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நான் முதலில் பார்த்தது, பிடி கழற்றப்பட்ட என் ஜப்பானிய வாளையும் மச்சான் கையிலிருந்த உப்புத்தாளையும். மனைவியின் அண்ணனான அவர் பொன்மலை பணிமனையில் ஃபிட்டர்.

"நிறுத்துங்க மச்சான்!"

"என்ன மாப்ள, பிடிக்குள்ள இவ்வளவு துரு! சாமி முன்னாடி இப்படியா வைப்பீங்க? எங்க ஒர்க்‌ஷாப்பா இருந்தா மானம் போயிரும்."

அந்தத் துருவை நம்பித்தான் வாளை வாங்கியிருந்தேன். அதற்கு முன் நான் வாங்கிய முதல் வாள் போலி. இரும்பைப் பதப்படுத்தும்போது கூர்விளிம்பையொட்டித் தானாக வர வேண்டிய அலைக்கோடு, அதில் அமிலத்தால் வரைந்தது. பிடிக்குள் இருந்த இரும்பு புதிதாக மின்னியது. அசல் பழைய வாளில் அந்தப் பகுதி கறுத்துத் துருவேறியிருக்கும். வாளின் வயதுக்கு அதுதான் சாட்சி. தேய்த்துவிட்டால் திரும்ப வராது.

கட்டைவிரல் அகலத்துக்குத் துரு போயிருந்தது. கொல்லர் பெயர் வெட்டிய இடத்துக்கு அரை அங்குலம் மிச்சம்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் மச்சான்.

சொல்லியிருக்க வேண்டும். இப்போது பிடியை நான் மட்டுமே கழற்றுகிறேன். ஏன் என்பதை வீட்டில் எல்லோருக்கும் காட்டி விளக்கியும்விட்டேன்.

அன்று பூஜையில் போலி வாளை வைத்தோம். மச்சான் அதைப் பிடிக்குள்ளும் சேர்த்துத் தேய்த்திருந்தார்.