டப்பாவுல வந்த மாப்பிள்ளை

சொல்லப்போறது சத்தியமா நடந்த கதை. அங்கங்க கொஞ்சம் இழுத்திருப்பேன், கண்டுக்காதீங்க.

நான் எங்க செடிப் பண்ணைக்கு வண்டி ஓட்டுறவன். அங்க தண்ணி ஊத்துறவரை 'பூவாளி'ன்னுதான் கூப்பிடுவோம். இருபத்திரெண்டு வருஷமா ஒரே வேலை. கையை உதறினா நாலு தவளை விழும். அவரு பொறுப்புல, கண்ணாடிக் கூண்டுக்குள்ள ஒத்தைச் செடி. அது வளர்ந்த மழைக்காட்டை வழிச்சு எடுத்தாச்சு. இது பொண்ணு, ஆண் செடி கடல் தாண்டி வேறொரு தோட்டத்துல ஒண்ணே ஒண்ணு. ஒன்பது வருஷமா பூக்கல, வேர் வேற அழுகுது. பூத்தாலும் ஒரு பகல்தான். அதுக்குள்ள ஆண் பூவோட பொடியைத் தடவினாத்தான் விதை. இல்லேன்னா வம்சமே அத்தோட சரி.

மொட்டு விட்டதும் பூவாளி வீட்டுக்கே போகல. அவரு சம்சாரம் வந்து, "எனக்குப் பிரசவம் ஆனப்பகூட இந்த மனுஷன் எட்டிப் பாக்கல"ன்னு செடிகிட்டயே புகார் சொல்லிட்டுப் போச்சு.

ஐஸ் டப்பாவுல பொடி கிளம்பிடுச்சுன்னு தகவல் வந்துச்சு. அதுக்கு 'மாப்பிள்ளை'ன்னு பேர் வச்சது நான்தான். பண்ணை முழுக்க அதே பேச்சு. பூ விரிஞ்ச காலையில பூவாளி ஆபீசுக்கு ஓடி, முந்தாநாள் சேர்ந்த கிளார்க்குகிட்ட, "தம்பி, மாப்பிள்ளை வருவாரு. உக்காரக்கூட வைக்காம என்கிட்ட அனுப்பிடுங்க"ன்னுட்டுத் திரும்பிட்டாரு. தண்ணி தூவுற மோட்டார் ரிப்பேர். பூ காயாம இருக்க இவரே நின்னு கையால அடிக்கணும், நகர முடியாது.

பத்து மணிக்கு டப்பா வந்துச்சு. வாட்ச்மேன் கேட்டுல வாங்கி ஆபீஸ் மேசையில வச்சுட்டுப் போனாரு. கிளார்க் அதை எடுத்து ஜன்னலோரம் வெயில்ல வச்சுட்டு, மாப்பிள்ளைக்காக நாற்காலியைத் துடைச்சுப் போட்டு வாசலையே பாத்திருந்தாரு. பூவாளி மூணு தடவை போன் பண்ணினாரு. மூணு தடவையும், "இன்னும் வரலீங்க."

நாலு மணிக்கு நான் ஆபீசுக்குள்ள போனப்பதான் டப்பாவைப் பாத்தேன். திறந்தா, ஐஸ் கொதிக்குது. சரி, வெதுவெதுன்னு இருந்துச்சு. பொடி களி மாதிரி ஒட்டிக்கிச்சு. பூவாளி அதையே பிரஷ்ல தொட்டுத் தடவினாரு. தடவிட்டு இருக்கும்போதே பூ மூடிக்கிச்சு.

காய் பிடிக்கல. இப்ப மூணு இலைதான் மிச்சம். "இன்னொரு தடவை பூக்குமாய்யா?"ன்னு என்னைத்தான் கேக்குறாரு.

பண்ணைக்கு எதிர் டீக்கடையில நான் கதையை இந்த இடம் வரைக்கும் சொன்னதும், பெஞ்சு ஓரத்துல உக்காந்து கேட்டுட்டிருந்த கிளார்க் எழுந்துட்டாரு. "மாப்பிள்ளைன்னா மனுஷன்னுதானேங்க நினைப்பேன்?"

"டப்பா மேல செடி படம் இருந்துச்சே. கண்ணு என்ன லீவா?"ன்னாரு வாட்ச்மேன்.

"நீங்கதானே கேட்டுல வாங்கி என் மேசையில வச்சீங்க. நீங்க சொல்லியிருக்கலாமில்ல?"

"அவரை ஏன்யா பிடிக்கிறீங்க, பேர் வச்சவன் இங்க உக்காந்திருக்கான்"னு பின்னாலருந்து ஒரு குரல். எல்லாரும் என் பக்கம் திரும்பினாங்க. வாட்ச்மேன் என் சட்டையைப் பிடிக்க, கிளார்க் அவரைப் பிடிக்க, பெஞ்சு கவுந்துச்சு.