உப்பில் எழுதிய 'அ'

பொறுமைக்கு யாராவது பரிசு கொடுப்பதாக இருந்தால் அதை லாரியில் ஏற்றி நேராக மரக்காணத்துக்கு அனுப்பிவிடலாம். எங்கள் அண்ணன் செல்லப்பனைத் தவிர வேறு யாருக்கும் அதைத் தூக்கத் தெம்பு கிடையாது. கடல் பொங்கி ஊரை முழுங்க வந்தாலும், "இரு, இந்தப் பாத்திய முடிச்சிட்டு வர்றேன்" என்று அண்ணன் சொன்னால், கடல் கரையில் உட்கார்ந்து காத்திருக்கும். புயலுக்கே டீ வாங்கிக் கொடுத்து அனுப்புகிற ஆள்.

இதுவரைக்கும் எழுதியது அளப்பு. இனிமேல் எழுதுவது நடந்தது.

அண்ணனுக்கு வயது முப்பத்தொன்று. உப்பளத்தில் கூலி வேலை. பாத்தியை மிதித்து மிதித்துத் தரையை இறுக்கி, உப்புத் தண்ணீர் பாய்ச்சி, உப்பு பூத்ததும் பலகையால் வாரி வரப்பில் குவிக்க வேண்டும். அவருடைய குதிகால் வெடிப்பில் ஒரு தீக்குச்சியைச் செருகலாம். தூங்கும்போது செருகியே பார்த்திருக்கிறேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அமராவதி அண்ணியைக் கட்டினார். அதற்கு முன்னால் அண்ணிக்கு பிரபு என்று ஒரு லாரி டிரைவர்மேல் உயிர். உப்பு ஏற்ற வரும்போதெல்லாம் அவன் லாரியின் பின்கதவுத் தூசியில் விரலால் 'அ' என்று எழுதிவைப்பான். அளமே பார்க்கும். ஒருநாள் வருவதை நிறுத்திவிட்டான். போனையும் எடுக்கவில்லை. எல்லாம் தெரிந்துதான் அண்ணன் கட்டிக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகும் ஈ.சி.ஆர் ரோட்டில் ஹாரன் கேட்டால் அண்ணி தலையில் உப்புக் கூடையோடு அப்படியே நின்றுவிடுவார்.

அதற்கு அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? நன்றாகப் பூக்கிற தன் பாத்தியை வேறு ஆளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, ரோட்டோரம் கிடந்த மட்டமான பாத்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"ஏம்பா, பொண்டாட்டிக்கு லாரி வேடிக்கை காட்டவா?" என்று மேஸ்திரி தட்சணாமூர்த்தி சிரித்தார்.

"இங்க காத்து நல்லா வருதுங்க."

என்னிடம் மட்டும் வேறு சொன்னார்: "எட்டி எட்டிப் பாக்குறா. கூடையோட வரப்புல வழுக்கி விழுந்துடப் போறா, அதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த மாசியில் அண்ணி கொஞ்சம் தேறியிருந்தார். ஹாரன் கேட்டும் நிற்காமல் நடந்தார். ஒருநாள் அண்ணன் தட்டிலிருந்து மீன் துண்டை எடுத்துத் தின்றார். அதைச் சொல்லிச் சொல்லியே அண்ணன் ரெண்டு நாள் பூரித்துப்போனார். அண்ணி நிஜமாகவே தேறிவிட்டாரா என்று சோதித்துப் பார்க்கத் தோன்றியது எனக்கு. பத்தாவது கணக்கில் கவிழ்ந்து வீட்டில் கிடப்பவளுக்கு வேறென்ன வேலை?

விடியும்போது போய், பூத்து வெள்ளையாகக் கிடந்த எங்கள் பாத்தியில் ஆள் உயரத்துக்கு ஒரு 'அ' கிழித்தேன். வெள்ளைக்கு நடுவில் சேறு கறுப்பாகத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில்கூட நான் அவ்வளவு அழகாக எழுதியதில்லை. அண்ணி பார்த்துத் திட்டுவார், எல்லோரும் சிரிப்போம், பிரபு கதை அதோடு முடிந்துபோகும் என்று நினைத்தேன்.

அண்ணி திட்டவில்லை. கூடையைக் கீழே வைத்தார். "வந்திருக்காரு" என்றார், யாரையும் பார்க்காமல். நேராக ரோட்டுக்கு ஏறிவிட்டார்.

மூன்று நாள். ஒரு பையில் ரெண்டு புடவையை வைத்துக்கொண்டு அண்ணி ரோட்டில் நின்றார். போய்விடுவார் என்று அளமே பேசியது. அண்ணன் பத்தடி தள்ளித் தண்ணி பாட்டிலோடு நின்றார். பாத்தியை வாரவில்லை. வாரினால் எழுத்து போய்விடுமே.

"கல்லா இறுகிடும்பா!" என்று மேஸ்திரி கத்தினார்.

"இறுகட்டுங்க."

முதல் நாளே நான் சொல்லியிருக்கலாம். ஊரெல்லாம் கலாய்க்கிற வாய், அதற்கு மட்டும் திறக்கவில்லை. ரெண்டு பேருக்கும் சோறு தூக்கிக்கொண்டு போனேன். "பொன்னி, நீ சாப்டியா?" என்று அண்ணி கேட்டார். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம், உப்பு லாரி ஒன்று நின்றது. அண்ணி ஓடிப்போய்க் கேட்டார்.

"பிரபுவா? அவன் கல்யாணம் கட்டி ஓசூர் பக்கம் போயிட்டாம்மா. ரெண்டு வருஷமா இந்த லைனுக்கே வர்றதில்ல" என்றார் டிரைவர்.

அண்ணி ரோட்டோர மண்ணில் உட்கார்ந்தார். அண்ணனும் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தொடவில்லை. தண்ணி பாட்டிலை நீட்டிவிட்டுக் கேட்டார்.

"வீட்டுக்குப் போலாமா அமரா? இல்ல, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமா?"

"இருக்கலாம்."

இருந்தார்கள். சோத்துத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு நானும் நின்றேன். அன்றைக்கு யாராவது என்னைச் செருப்பால் அடித்திருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

அண்ணிக்கு இப்போது எல்லாம் தெரியும். நான்தான் சொன்னேன். நானாகச் சொன்னேன் என்று மட்டும் எழுத முடியாது; அண்ணன் கேட்ட ஒரு கேள்விதான் சொல்லவைத்தது.

மறுநாள் காலையில் அண்ணன் என்னை அந்தப் பாத்திக்குக் கூட்டிப்போய்ப் பலகையைக் கையில் கொடுத்தார்.

"வாரு."

"நானா? எதுக்குண்ணா?"

"வரப்பப் பாரு."

"நல்லாத்தானே இருக்குது."

"அதான் சொல்றேன். வெளியாளு எறங்கியிருந்தா வரப்பு ஒடைஞ்சிருக்கும். உள்ள ஒரு கால் தடம்கூட இல்ல. தண்ணி வர்ற மடை ஓரமா எறங்கி, பின்பக்கமாவே நடந்து, தடத்த அழிச்சிக்கிட்டே ஏறியிருக்கு. லாரி ஓட்றவனுக்கு இதெல்லாம் தெரியுமா? ஒனக்குத்தான் நான் கத்துக்குடுத்திருக்கேன். மூணு நாளா அவ மூஞ்சியவே பாத்துட்டு இருந்துட்டேன். கீழ பாக்கல."

"நான் இல்லண்ணா" என்றேன். பொய்யில் நான் ஊரிலேயே கெட்டிக்காரி. அன்றைக்குக் குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது.

அண்ணன் கத்தவில்லை. கையையும் ஓங்கவில்லை.

"அவன் வரலன்னு அவ அழுதா, பக்கத்துல நான் போய் உக்காரலாம். என் தங்கச்சி பண்ண வேலைன்னு தெரிஞ்சு அழுதா, நான் எங்க போய் உக்காருவேன், சொல்லு?"