வெறும் டின்னில் வந்த வாசம்

நீங்கள் நம்பாட்டிலும் பரவாயில்லை, வேற ஆரும் சொல்லியிருந்தா நானும் நம்பியிருக்க மாட்டன். பேய் பிசாசு எண்டு ஒருத்தர் தொடங்கினா, போய் வேலையைப் பாருங்கோ எண்டு எழும்பிப் போற ஆள் நான்.

சண்டைக்காலம். வீடு கொட்டாஞ்சேனை, வேலை வெள்ளவத்தையில ஒரு முதியோர் இல்லத்தில. அங்க கனபேருக்கு ஞாபகம் போயிட்டுது, பெத்த பிள்ளை வந்து நிண்டாலும் ஆரெண்டு கேப்பினம். அவையைக் கொஞ்சம் முழிப்பாட்ட எங்கட நேர்ஸ் மிஸ் ஒரு வழி காட்டித் தந்தவ. பால்மா டின்னுகளில கோப்பித்தூள், கராம்பு, தார் பூசின கயிறு எண்டு ஒவ்வொண்டாப் போட்டு, பின்னேரத்தில மணக்கக் குடுக்கவேணும். உள்ளுக்க என்ன இருக்கெண்டு நாங்கள் சொல்லக்கூடாது, அவை என்ன சொன்னாலும் மறுக்கவும் கூடாது, ஓமெண்டு கூடவே போகவேணும். அதுதான் மிஸ்ஸின்ர சட்டம். கோப்பி மணந்த உடன பழைய கதையெல்லாம் சொல்லிச் சிரிச்ச மனுசியளை நான் பாத்திருக்கிறன். ஆனா அது மூக்கின்ர சங்கதி, மந்திரம் இல்லை.

சேவியர் அங்கிள் எண்டு ஒருத்தர், ஹாபரில, அதான் துறைமுகத்தில, கிரேன் ஓடினவர். எந்த டின்னுக்கும் வாய் திறக்கமாட்டார், தார்க் கயித்துக்குக்கூட மசியேல்லை. அவரைக் கதைக்க வைக்கவேணுமெண்டு எனக்கும் ஒரு வீம்பு.

அந்த நேரம் என்ர தம்பி ஜூட்டை ஆமி சுத்தி வளைச்ச ரவுண்டப்பில பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள். எங்க வச்சிருக்கிறாங்கள், உயிரோட இருக்கிறானா எண்டே தெரியாது. அம்மா செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியாரிட்டப் போய் அழுவா, துலைஞ்சதைத் தேடித் தாறவர் அவர்தானே. நான் அழேல்லை, எல்லாரிலயும் எரிஞ்சு விழுந்துகொண்டு திரிஞ்சன். வேலை போயிடுமெண்டு இல்லத்தில ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை.

அப்பிடி ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவசரத்தில, கழுவிக் காயவச்ச வெறும் டின்னை அங்கிளிட்ட நீட்டிப்போட்டன். மாத்தி எடுக்கமுதல் அவர் மூக்கை உள்ளுக்க விட்டு நல்லா இழுத்தார்.

“நனைஞ்ச சாக்கு,” எண்டார். அந்தக் குரலை நான் அண்டைக்குத்தான் முதல்தரம் கேக்கிறன். “பெரிய வெங்காயம். லொறி. பொடியங்கள் பசியோட வாறாங்கள் பிள்ளை, நீ இங்க நிண்டு என்ன செய்யிறாய்? போய்ச் சோத்தைப் போடு. ரெண்டு பிளேட் வை.”

சட்டம் சட்டம்தானே. “ஓம் அங்கிள், வைக்கிறன்” எண்டன்.

“ரெண்டு,” எண்டு கையைப் பிடிச்சார், விடுறாரில்லை. நானும் ரெண்டு எண்டு சொன்னாப்பிறகுதான் விட்டார்.

பஸ், செக்பொயின்ற் எல்லாம் தாண்டி வீட்டுக்கு வந்தா, வாசலில அம்மா சிரிக்கிறா, அழுறா, ரெண்டும் ஒண்டா. உள்ளுக்க ஜூட் நிலத்தில இருந்து சோறு தின்னுறான். காலமை விட்டவங்களாம், வெங்காய லொறிக்காரர் ஒருத்தர் பாவம் பாத்துச் சாக்குகளுக்கு மேல ஏத்திக்கொண்டு வந்தவராம், வழியெல்லாம் மழையாம். கட்டிப்பிடிச்சன். நனைஞ்ச சாக்கும் வெங்காயமும் மணந்துது. சத்தியமா எனக்கு அப்ப பயம் வரேல்லை, அந்த நாத்தம் எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துது. தேடித் தந்தவர் அந்தோனியாரோ சேவியரோ, ஆள் வந்திட்டான், அது போதும்.

பிறகு, சிரிக்கட்டுமெண்டுதான் அங்கிளின்ர கதையைச் சொன்னன். “ரெண்டு பிளேட் வைக்கச் சொன்ன மனுசன், நீ ஒருத்தன்தானே வந்தனீ” எண்டன்.

ஜூட்டின்ர கை சோத்துக்குள்ளயே நிண்டுட்டுது. “என்னோட உள்ளுக்க இருந்த மற்றவன்ர பேரை அவர் சொன்னவரா அக்கா?” எண்டு கேட்டான்.

இல்லையெண்டன். அவன் எழும்பிப் போய் இன்னொரு பிளேட் எடுத்து, சோறு போட்டு, பக்கத்தில வச்சிட்டுத்தான் மிச்சத்தைச் சாப்பிட்டான்.

சேவியர் அங்கிள் அதுக்குப் பிறகு வாய் திறக்கேல்லை. ஜூட் இப்ப பிள்ளை குட்டியோட நல்லா இருக்கிறான். ஆனா செவ்வாய்க்கிழமையில இப்பவும் பக்கத்தில ஒரு பிளேட் வைப்பான். ஆருக்கெண்டு நான் இண்டுவரைக்கும் கேக்கேல்லை. அந்தப் பிளேட்டுக்குச் சோறு கேட்டா, ஓமெண்டு போட்டுக் குடுப்பன்.