கராஜுக்குள் வைத்த ஹாப்ஸ் கொடி

கோவிட் வந்து போனபோது என் கணவரின் மூக்கையும் கொண்டுபோய்விட்டது. சாம்பார் அடிப்பிடித்தாலும் அவருக்குத் தெரியாது. "வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். ஆபீஸை விட்டால் கராஜில் கோதுமை பீர் காய்ச்சுவது ஒன்றுதான் அவருக்கு உலகம். வாசனை தெரியாதவர் எதைக் காய்ச்சுவது?

ஆனாலும் ஒரு நாள், "வீட்லயே ஹாப்ஸ் வளர்க்கலாம்மா. அது ஒழுங்கா காய்க்கறதுக்குள்ள மூக்கு வந்துரும்" என்றார். பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற கொடி அது; நட்டால் இரண்டாம் வருஷம்தான் சொல்லிக்கொள்கிற மாதிரி காய்க்கும். கெடு கொடிக்கு இல்லை, தனக்குத்தான் வைத்துக்கொள்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

டெக்சாஸில் எங்களுக்குப் பக்கத்து ஊரான பிளானோவில் பீர் காய்ச்சுகிற சாமான் விற்கிற கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். கடைக்காரர் காய்ந்த ஹாப்ஸ் பொட்டலங்களைப் பிரித்துக் கொடுக்க, நான் கசக்கி முகர்ந்து சொன்னேன். கேஸ்கேட் என்ற ரகம் முதலில்.

"சாத்துக்குடித் தோலைக் கிள்ளி மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்குங்க."

"அது கத்தும். கோதுமை பீர்ல வாழைப்பழமும் கிராம்பும்தான் மணக்கணும், ஹாப்ஸ் பின்னாடி நிக்கணும். அடுத்தது?"

அடுத்தது ஹாலர்டாவ். "நனைஞ்ச வைக்கோல். அதுல யாரோ மரிக்கொழுந்தை மறந்து வெச்சிட்டுப் போன மாதிரி."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அதேதான். எனக்கு ஞாபகம் இருக்கு."

கடைக்காரர் வேண்டாம் என்று தலையாட்டினார். ஹாலர்டாவ் குளிர்தேசத்துக் கொடி, டெக்சாஸ் வெயிலில் நிற்காது, கேஸ்கேட் தாங்கும் என்றார். இவர் இரண்டிலும் ஒவ்வொரு வேர்த்துண்டு வாங்கினார், பார்க்க இஞ்சித் துண்டு மாதிரி. கேஸ்கேட்டைப் பின்வேலி ஓரம் மண்ணில் புதைத்துவிட்டு மறந்துபோனார். ஹாலர்டாவைத் தொட்டியில் வைத்து, மதிய வெயிலில் நிழலுக்கு நகர்த்தி, ஒரு கோடைக்காலம் முழுக்கத் தாங்கினார். அது முழங்கால் உயரம் வந்தது. அதற்கே வீடியோ காலில் எல்லோருக்கும் காட்டினார்.

குளிர் தொடங்கியது. எங்கள் ஊர்த் தமிழர் வீடுகளில் அது கருவேப்பிலைத் தொட்டி உள்ளே வருகிற காலம். "ஃப்ரீஸ் வார்னிங் வந்திருக்கு, புள்ளைங்கள உள்ள எடுத்து வெச்சாச்சா?" என்று பக்கத்துத் தெரு ஆன்ட்டி ஒவ்வொரு வருஷமும் போன் பண்ணுவார். பிள்ளைகள் என்றால் கருவேப்பிலைச் செடிகள்தான். அந்த வருஷம் ஹாலர்டாவும் பிள்ளையாகிவிட்டது. கருவேப்பிலைக்குப் பக்கத்தில் இடம், மேலே விளக்கு, கீழே ஹீட்டர்.

அம்மாவுக்கு உடம்பு முடியாமல் நான் இந்தியாவுக்குக் கிளம்பினேன். போனில் தினமும் கேட்பேன். "தண்ணி ஊத்தறேன். ஆபீஸ் விட்டு வந்தா அது பக்கத்துலதான் சேர் போட்டு உக்கார்றேன்" என்பார். மூக்கைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

திரும்பி வந்த அன்று பெட்டியை இறக்கக் கராஜ் கதவைத் திறந்தார். என் கை தானாக மூக்கைப் பொத்திக்கொண்டது. எலி செத்துக் கிடக்கிறதோ என்று நினைத்தேன்.

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு நான் எந்தப் பக்கம் பார்க்கிறேன் என்று பார்த்தார். பெட்டியை வைத்துவிட்டுப் போய்த் தொட்டிக்குள் விரலை விட்டார். வேர் கூழாக வந்தது.

"ரொம்ப நாத்தமா?"

"கொஞ்சம்தாங்க."

"பொய் சொல்லாத. கண்ணுல தண்ணி வருது உனக்கு." கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். "நான் தினமும் இங்கதானே உக்காந்திருந்தேன்."

ஹாப்ஸுக்குக் குளிர்காலத்தில் பனியும் தூக்கமும் வேண்டுமாம். கதகதப்பும் தினம் தண்ணீரும் கருவேப்பிலைக்குச் சரி, இதற்கு எமன். பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டோம். செடி போனது பெரிதில்லை, இன்னொன்று வாங்கலாம் என்றேன். அவர் எழுந்து கராஜுக்குப் போனார். காய்ச்சுகிற பெரிய அண்டாவைக் கழுவித் துடைத்து, அட்டைப்பெட்டியில் போட்டு டேப் ஒட்டினார்.

பனியில் கிடந்த கேஸ்கேட் வேலியோரம் முளை விட்டு, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் போவதில்லை. கயிறு நான்தான் கட்டினேன்.