வினா எழுகிறது

சட்டமன்ற வினாக்களுக்கு வரைவு விடை எழுதுவது எங்கள் பிரிவில் என் வேலை. இருபது வருடமாக என்னைக் காப்பாற்றி வருபவை மூன்றே விடைகள்: ‘ஆம்’, ‘இல்லை’, ‘வினா எழவில்லை’. மூன்றாவதுதான் அமிர்தம். முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்றுவிட்டால், அதைத் தொற்றிக்கொண்டு வரும் இரண்டாவது தானாகச் செத்துவிடும்.

அந்தக் கூட்டத்தொடரில் வந்த வினா இது: (அ) மயிலாப்பூர் மாட வீதிகளில் சங்கிலிப் பறிப்பைத் தடுக்க அரசு செலவில் பொருத்திய கேமராக்கள் பழுதாகிக் கிடப்பதை அரசு அறியுமா? (ஆ) அறியுமெனில், அவற்றைச் சீரமைக்க ஆவன செய்யுமா?

பழைய கோப்பைப் பார்த்து ‘(அ) இல்லை. (ஆ) வினா எழவில்லை’ என்று எழுதிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். வீடு மாட வீதிக்குப் பின்னால்தான். போகிற வழியில் கம்பத்தை அண்ணாந்து பார்த்தது என் கெட்ட நேரம். கீழே பூ விற்கிற அம்மாவிடம், கேமரா ஓடுகிறதா என்று விசாரித்தேன்.

“இன்னா சார், தெரியாத மாரி கேக்குற? அதுல காக்கா கூடு கட்டிக்கினு கீது. போன மாசம் என் எதிர்லயே ஒருத்தன் செயின அறுத்துக்கினு ஓடுனான். காக்காதான் சாட்சி.”

மறுநாள் காலை, மனசாட்சி உறுத்த, ‘இல்லை’யை அடித்து ‘ஆம்’ என்று திருத்தினேன். (ஆ)வைத் தொடவில்லை. கோப்பு ஐந்து மேசை ஏறி இறங்கியது. ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கடைசி வரியில் ‘வினா எழவில்லை’ இருந்தால் எங்கள் ஆட்களுக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும்.

அச்சான தாளை நான் ஒழுங்காகப் படித்தது, சட்டமன்றத்தில் அலுவலர்கள் மாடத்தில் உட்கார்ந்த பிறகு. கேமரா கெட்டது தெரியும், சரிசெய்வது என்ற பேச்சுக்கே இடமில்லை என்று அரசே சொல்லப்போகிறது. மெமோ கண்முன் வந்து நின்றது. அதற்கு விளக்கமும் மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். பழக்க தோஷம், அதுவும் ‘வினா எழவில்லை’ என்றுதான் முடிந்தது.

பக்கத்திலிருந்த பிரிவு அலுவலர் அம்மையார் பதறவே இல்லை. “நம்மது ஏழாவது கேள்வி சார். கேள்வி நேரம் ஒரு மணிதான், அதுல நாலைத் தாண்டி என்னிக்கு வந்திருக்கு?”

அன்றைக்கு வந்தது. எங்களுக்கு முந்தைய கேள்விகளைக் கேட்ட உறுப்பினர்களில் மூன்று பேர் அவைக்கே வரவில்லை. அமைச்சருக்கு அவசரமாகத் துண்டுச் சீட்டு அனுப்பினேன். ‘சீரமைக்கப்படும்’ என்று எழுத வேண்டியதுதானே? பேனாவில் வந்தது ஒன்றுதான்: ‘(ஆ) வினா எழுகிறது, ஐயா.’

அமைச்சர் சீட்டை அப்படியே படித்தார், ‘ஐயா’ உட்பட.

கேள்வி கேட்ட உறுப்பினர் நிதானமாக எழுந்தார். “வினா எழுந்தது சரி. கேமரா எப்ப எழும்?”

அவை சிரித்தது. அமைச்சரும் சிரித்துவிட்டு, ஒரு மாதத்தில் சரிசெய்யப்படும் என்று சொல்லி உட்கார்ந்தார். நான் தண்ணீர் கேட்டேன்.

மெமோ வருமென்று தினமும் தபாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. கேமராக்கள் வந்தன. அடுத்த வாரமே என் போனுக்கு அபராத அறிவிப்பும் வந்தது: ஒருவழிப் பாதையில், எதிர்த் திசையில், ஹெல்மெட் இல்லாமல் ஸ்கூட்டரில் ஓர் ஆள். படம் நல்ல தெளிவு.

மனைவி போனை வாங்கிப் பார்த்தாள். “இது நீங்கதானே?”

“ஆம்.”

“ஹெல்மெட் எங்க?”

வினா எழவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். எழுந்திருந்தது.